பதினெட்டுக் கியர் அமானிதம்

வாஸ்கோடகாமா இந்தியாவுக்கு வழி கண்டது பெரிய காரியம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தியா அவ்வளவு பெரிசு. கண்ணை மூடிக்கொண்டு கப்பலை விட்டாலும் எங்கேயாவது இடித்திருக்கும். எங்கள் சாய்ந்தமருது பக்கீர் முகைதீன் மாமா தேடியது ஒரு விரல் நீளத்து இரும்புச் சாமான். அவருக்குக் கப்பல் கொடுக்க ராசா இருக்கவில்லை. வழியெல்லாம் செக் பொயின்ட். இந்தப் பூமியில் பழைய மலைச் சைக்கிளுக்குச் சாமான் தேடிய எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் முதலாவது ஆள் அவர்தான். இரண்டாவது ஆளைப் பார்க்க பஸ் ஏறிப் போகவேண்டும்.

இதில் விசேஷம் என்னவென்றால் எங்கள் ஊரில் மலை கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் நாங்கள், ரொட்டித் தட்டு மாதிரி. இந்தப் பக்கத்தில் ஆக உயரமான இடம் ஒலுவில் துறைமுகத்துக்குக் கொட்டி வைத்திருந்த கருங்கல் குவியல். இப்படிப்பட்ட ஊருக்கு மலை ஏறுகிற சைக்கிள் வந்ததற்குச் சுனாமிதான் காரணம். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வராத சாமான் இல்லை. பனியில் நடக்கிற சப்பாத்து வந்தது. காது மூடுகிற கம்பளித் தொப்பி வந்தது. கடல் வந்து போன ஊருக்கு ஒரு லொறி நிறைய நீச்சல் உடுப்பும் வந்தது. அதை இறக்கியவர்கள் வந்த வேகத்தில் திரும்ப ஏற்றிவிட்டார்கள்.

மார்ட்டின் என்கிற வெள்ளைக்காரரும் அப்படித்தான் வந்தார். டென்மார்க்காரர். உப்பேறிப்போன கிணறுகளைத் துப்புரவாக்குவது அவர் வேலை. ஆறடிக்கு மேலே இருப்பார். வரும்போதே தன் சைக்கிளையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அது அவர் வாலிபத்தில் வாங்கிய இருபது வருடப் பழசு. தடித்த டயர், உருக்குச் சட்டம், பதினெட்டுக் கியர். அவர் குடியிருந்த வீட்டுக்குக் காவல்கார வாச்சராக இருந்தவர்தான் பக்கீர் மாமா. என் வீட்டுக்கு அடுத்த வீடு மாமாவுடையது. அதனால் மார்ட்டினின் வாசல் கேற்றில் தொங்கிக்கொண்டு இங்கிலீசு பொறுக்குவது எனக்கு அந்த நாளையில் பெரிய தொழில். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததைவிட அந்தக் கேற்றில் படித்தது கூட.

2006 ஆவணியில் சண்டை திரும்பவும் மூண்டது. வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் ஒரே நாளில் கொழும்புக்கு ஏற்றினார்கள். ஏற்ற வந்த வான் வண்டியில் ஆளுக்கு ஒரு உடுப்புப் பைக்குத்தான் இடம். மார்ட்டின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து மாமாவின் கையில் கொடுத்தார்.

“கீப்,” என்றார். “ஐ கம்.”

“ஓம்,” என்றார் மாமா.

வேறு பேச்சு இல்லை. வான் போய்விட்டது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு சொல் போதும். ஒருவன் தன் பொருளை ‘வைத்திரு’ என்று கொடுத்தால் அது அமானிதம். கொடுத்தது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பிப் போகவேண்டும். அதைப் பாவிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, உரியவன் வரும்வரை தன் பிள்ளையை விடக் கவனமாகப் பார்க்கவேண்டும். எல்லாரும் இதை அறிவார்கள். மாமா மட்டும் கொஞ்சம் அதிகமாக அறிவார்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சுனாமிக்கு நாலு நாள் முந்தி, பக்கத்து வளவு ஆமினா உம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஏறாவூர் போனார். போகும்போது ஒரு தகரப் பெட்டியை மாமாவிடம் வைத்துவிட்டுப் போனார். உள்ளே என்ன இருக்கிறதென்று மாமா கேட்கவில்லை, திறக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது, பெட்டியும் போனது. மாமாவின் வீட்டில் என்னென்ன போனது, யார் யார் போனார்கள் என்பதை அவர் கதைப்பதே இல்லை. பெட்டியைப் பற்றி மட்டும்தான் கதைப்பார். ஆமினா உம்மா திரும்பி வந்து ஒரு தரமாவது பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் மனிதன் ஆறியிருப்பார். அவர் கேட்கவே இல்லை. ரோட்டில் கண்டால் “திண்டயா பக்கீர்” என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆகவே சைக்கிள் மாமாவின் வீட்டுக் கூரை வளையில், இரண்டு கயிற்றில், நிலத்தில் படாமல் தொங்கியது. அதற்கு இரண்டு சாரன் சுற்றியிருந்தார். நல்ல சாரன், பெருநாளுக்கு எடுத்தது. மாமி றஹீமா வருகிற சனத்துக்கெல்லாம் சொல்லுவார்: “என்ட ஊட்டுல தொங்குற மாப்பிள்ளைக்குத்தான் புதுச் சாரன். நடக்குற மாப்பிள்ள கிழிஞ்சதக் கட்டிக்கிட்டுத் திரியுறார்.”

தினமும் காலையில் அவிழ்த்து, துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்பச் சுற்றுவார். ஒருநாளும் ஏறி ஓடியதில்லை.

ஏறி ஓடியது நான்.

அந்த வருடக் கடைசியில் மாமாவும் மாமியும் ஒரு கலியாணத்துக்கு ஏறாவூர் போயிருந்தார்கள். கோடிப் பக்கத்துக் கதவின் கொண்டி எனக்குப் பழக்கமானது. சைக்கிளை இறக்கி, கடற்கரைக்குக் கொண்டுபோய், மணலில் மிதித்தேன். பதினெட்டுக் கியர் இருந்தால் பதினெட்டையும் பார்க்கவேண்டும் என்று நினைக்கிற வயது. இரண்டு கியர்ப் பிடியையும் ஒரே நேரத்தில் இழுத்தேன். பின்சில்லுக்குள் ஏதோ அலறியது. பின்னால் தொங்கிக்கொண்டு செயினை ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குத் தள்ளிவிடுகிற இரும்புக் கை, சில்லுக் கம்பிக்குள் மாட்டி இரண்டாக முறிந்துபோனது. மணலைத் துடைத்தேன். முறிந்ததை நூலால் கட்டினேன். தொங்கவிட்டேன், சாரனைச் சுற்றினேன், வீட்டுக்குப் போய் நல்ல பிள்ளையாகச் சோறு தின்றேன்.

அடுத்த நாள் காலையில் மாமா சைக்கிளுக்குக் கீழே சப்பாணி கட்டி இருந்தார். கையில் முறிந்த துண்டு.

“என்ன மாமா?”

“ஒடஞ்சிட்டு மனெ.” துண்டைச் சாரன் நுனியில் துடைத்தார். “உப்புக்காத்து. நான்தான் எண்ண பத்தாம உட்டுட்டன்.”

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது என்னவோ “ஓம் மாமா, உப்புக்காத்து பொல்லாதது” என்றுதான்.

அந்தச் சாமானுக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. பார்க்க நண்டுக் காலை மாதிரி இருந்ததால் மாமா அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார். கல்முனை பஸாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற றஊபிடம் முதலில் போனோம். றஊப் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காக்கா, இத வெட்டி எறிஞ்சிட்டு ஒரு பல்லுல செயின் போட்டுத் தாறன். லொறி மாதிரி ஓடும்.”

“ஓட வேணாம்.”

“ஓட வேணாமா?”

“நான் ஓடுறதுக்குக் கேக்கல்ல றஊப். இருந்த மாதிரி இருக்கிறதுக்குக் கேக்கன்.”

றஊப் என்னைப் பார்த்தார். நான் கடையில் தொங்கிய டயரைப் பார்த்தேன்.

மாமா நண்டு தேடுகிறார் என்ற செய்தியை மீன் சந்தையில் பரப்பியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் காலையில் மாமாவின் வாசலில் ஏழு பேர் நண்டோடு நின்றார்கள். ஒருவர் கோரைப் பையிலிருந்து எடுத்து, உயிரோடு இருக்கிறது என்று காட்டினார். மாமி ஏழு பேரையும் ஏசி அனுப்பினார். மாமா மட்டும் ஒருவரை நிறுத்தி, “தம்பி, நீ போட்டுல போற ஆள். இரும்பு நண்டு கண்டா சொல்லு,” என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. படுக்கும்போது வரவில்லை. அதற்குப் பிறகு அவர் தேடிப்போன இடமெல்லாம் நானும் போனேன்.

2007இல் அம்பாறைக்குப் போனோம், அங்கே பழைய இரும்புக் கடைகள் இருக்கின்றன என்று. வழியில் செக் பொயின்டில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் மாமாவின் மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்தான். உள்ளே சுருள் கம்பி, சின்னப் பற்சில்லு, திருகாணி. அந்தக் காலத்தில் சுருள் கம்பி வைத்திருக்கிற மனிதன் என்றால் கதை வேறு. நாலு துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது.

“இது என்ன?” உடைந்த தமிழில் கேட்டான்.

“நண்டு,” என்றார் மாமா.

நான் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். மாமா தூக்கவில்லை. அவர் ரோட்டில் குனிந்து நின்றார். இரண்டு கையையும் நீட்டி ஹேண்டில் பிடித்தார். நின்ற இடத்தில் மிதித்தார். பிறகு ஒரு கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், இடுப்புக்குக் கீழே விரலை மடக்கி ஆட்டி, “கிடிக், கிடிக்” என்று சத்தம் போட்டார். மலை ஏறுவது விளங்கவேண்டும் என்று மூச்சு வாங்கியும் காட்டினார். பஸ்ஸில் வந்த சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

மூன்றாவது ‘கிடிக்’கில் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். பதுளைப் பக்கத்து மலை ஊர்க்காரன், தகப்பன் சைக்கிள் திருத்துகிறவராம். அவன் துண்டை வாங்கிப் பார்த்து, அதில் பொறித்திருந்த எழுத்தைத் தேய்த்து வாசித்தான். ஆனாலும் அவர்களின் பெரிய அதிகாரி சம்மதிக்கவில்லை. பொருளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மாமா அசையவில்லை.

“தாறன். வாங்கினதுக்குத் துண்டு எழுதித் தாங்க,” என்றார்.

“என்னென்று எழுதுவது?”

மாமா சொன்னதை அந்தப் பதுளைப் பொடியன் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தான்: இரும்பு நண்டு ஒன்று, முறிந்தது. அந்தக் கடதாசித் துண்டை மாமா மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். மூன்றாம் நாள் போனபோது நண்டை மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளவென்று தந்தான் அந்தப் பொடியன். கையால் அலை காட்டி, “பழசு ஐயா. உல்லைப் பக்கம் தேடுங்க. வெள்ளைக்காரன் அலையில் விளையாடுகிற இடம். சைக்கிள் விட்டுவிட்டுப் போவான்,” என்றான்.

உல்லை என்றால் பொத்துவிலுக்கும் அங்கால். அந்தப் பாதையில் அப்போது யாரும் சும்மா போவதில்லை. போனால் சாவுதான் என்று மாமி வாசலில் குறுக்கே நின்றுவிட்டார். “மவுத்தாகிற எண்டா வேற காரணத்துக்கு மவுத்தாகுங்க. நண்டுக்குப் போய் மவுத்தானா மையத்து ஊட்டுக்கு வாற சனத்துக்கு நான் என்னத்தச் சொல்ற?”

அதனால் கிட்டிய இடங்களில் தேடினோம். வரிப்பத்தான்சேனையில் சீனிமுகம்மது என்ற வயற்காரரிடம் கியர் சைக்கிள் இருக்கிறதாகக் கேள்விப்பட்டோம். கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டபோது அவர் வெட்கப்படாமல் சொன்னார்: “கடல் எங்கட ஊருக்கு வரல்ல காக்கா. சைக்கிள்தான் வந்திச்சி.”

சைக்கிளை அவர் எப்போதோ கழற்றிப் பகிர்ந்திருந்தார். நண்டு வயல் நடுவில் ஒரு கம்பில், பால்மாத் தகரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. காற்றடித்தால் தகரத்தில் அடித்துக் கிளி விரட்டும். மாமா சேற்றில் இறங்கிப் போய், மடியிலிருந்த துண்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி இது,” என்றார் கடைசியில்.

“ஆர்ட தம்பி?” என்றார் சீனிமுகம்மது.

“எங்கட நண்டுட தம்பி. அச்சொட்டு அதே மொகம். ஆனா அது இல்ல.”

“சைக்கிள்ல பூட்டுங்க காக்கா. வெள்ளைக்காரனுக்குத் தெரியவா போகுது?”

“தெரியாதெண்டுதானே வாச்சர் வெச்சிரிக்கார்,” என்றார் மாமா. நண்டைத் திரும்பக் கம்பில் கட்டிவிட்டு, முடிச்சு சரியா என்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கரையேறினார்.

2009 வைகாசியில் சண்டை முடிந்தது. நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை ஒரு தபாலட்டை வந்தது. ஒரு பக்கம் பனிமலை. மற்றப் பக்கத்தை நான் வாசித்தேன்: மார்கழியில் வருகிறேன், என் பழைய கூட்டாளி எப்படி இருக்கிறான்?

“கூட்டாளி எண்டு ஆரக் கேக்கார்?”

“சைக்கிளத்தான் மாமா.”

மாமா வளையைப் பார்த்தார். “உள்ளதச் சொல்லி எழுதுவமா?” என்று நான் கேட்டேன். “அவர்ட்டயே ஒரு நண்டு அனுப்பச் சொல்லலாம்.”

“அவர்ட சாமான ஒடச்சிப்போட்டு அவரயே வாங்கித் தரச் சொல்றயா?”

கார்த்திகை மழையோடு பொத்துவில் பஸ் ஏறினோம். கோமாரியில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. நாங்கள் ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் ஒதுங்கி நின்றோம். உள்ளே ஒரு கோழி கூட்டுக்குள் போனது. கூட்டுக் கதவு தன்பாட்டில் மூடியது.

கிடிக்.

மாமா வேலியைத் தாண்டியதை நான் காணவில்லை. காணும்போது அவர் கோழிக்கூட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கதவின் மூலையில், கோழி எச்சத்தால் வெள்ளையடித்து, அதே நண்டு. எழுத்து, பல், சுருள் கம்பி, எல்லாம் அச்சொட்டு அதே.

தோட்டத்துக்காரர் அழகரெத்தினம் கத்தியோடு வந்தார். சைவத் தமிழாள், மாமாவின் வயதுதான்.

“ஆரு காக்கா? கோழி வேணுமா?”

“கதவு வேணும் அண்ணன்.”

கத்தி இறங்கியது. கதை முழுக்கக் கேட்டபின் அவர் எங்களைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மலைச் சைக்கிள், நண்டு மட்டும் இல்லாமல், சாக்கால் மூடியபடி. கடல் கொண்டுவந்து தென்னைக்கும் தென்னைக்கும் இடையில் போட்டதாம். நண்டு அப்போதே கழன்று தொங்கியதாம்.

“ஆக்கள் வந்தா குடுப்பம் எண்டு வெச்சிரிக்கன். அஞ்சு வரிசமாகுது. இன்னும் ஒத்தரும் வரல்ல.”

மாமாவின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும். உலகத்தில் தன்னைப்போல இன்னொரு பைத்தியம் இருக்கிறது என்று கண்ட சந்தோஷம். அடுத்த கணம் முகம் விழுந்தது.

“அப்ப இதுவும் அமானிதம்,” என்றார். “எடுக்கேலாது.”

“நான் தாறன் எண்டுறன். எடுங்க.”

“ஒங்கட இல்லயே அண்ணன்.”

“கடல் தந்தது காக்கா.”

“கடல் ஆருட்டயாவது எடுத்துத்தானே ஒங்களுக்குத் தந்திச்சி?”

இரண்டு பேரும் மழையில் நின்று ஒருவருக்கொருவர் நண்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், அடித்துவிட்டுப் போய்விட்டான். கடைசியில் மாமா ஒரு வழி கண்டார்: நண்டு இரவல். உரியவன் வந்தால் அழகரெத்தினம் சொல்லி அனுப்புவார், மாமா கழற்றிக்கொண்டு வருவார். அதற்கு முதல் உரியவனைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று, அடுத்த பஸ் பிடித்துப் பொத்துவில் பள்ளிவாசலுக்குப் போய், ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னார்.

“ஆருட சாமான்?” என்று கேட்டார் அங்கிருந்தவர்.

“தெரியா.”

“எந்த ஊர் ஆள்?”

“தெரியா.”

“உயிரோட இரிக்காரா?”

“அதும் தெரியா.”

“என்ன சாமான் காக்கா?”

“நண்டு.”

அவர் மாமாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, அறிவித்தார். யாரும் வரவில்லை. திரும்பும் வழியில் கோமாரியில் இறங்கி, கீரி வராமல் இருக்கவேண்டுமே என்று பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கோழிக்கூட்டுக் கதவைத் திரும்பத் தானாக மூட வைத்தோம். அதற்கு ஒரு பகல் போனது. கோழிகளுக்குப் புதுக் கதவு பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நண்டைச் சைக்கிளில் பூட்டினோம். செயின் ஒவ்வொரு பல்லாக இறங்கி ஏறியது. மாமா பதினெட்டையும் கையால் சுற்றிப் பார்த்தார். அப்போதும் ஏறி ஓடவில்லை.

மார்ட்டின் மார்கழிக் கடைசியில் வந்தார். முன்தலை வழுக்கை, கொஞ்சம் வயிறு. மாமி வட்டிலப்பம் அவித்திருந்தார். மாமா சைக்கிளை இறக்கி, சாரனை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்த்தார். மார்ட்டின் பக்கத்தில் வந்து சீட்டில் கை வைத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. நண்டு இருக்கிற பக்கமே பார்க்கவில்லை.

“மனெ, இவருக்கு நான் சொல்றத இங்கிலீசுல சொல்லு,” என்றார் மாமா. நிமிர்ந்து நின்று, சாட்சி சொல்வதுபோலச் சொன்னார்: ஒங்கட சாமான் என்ட காவல்ல ஒடஞ்சிட்டு. இப்ப இரிக்கிற நண்டு ஒங்கட இல்ல, இரவல். கடல்ல போன ஆருட்டயோ சைக்கிள்ட நண்டு. அவர் வந்து கேட்டா நீங்க குடுக்கணும். என்னால ஏலுமானத நான் செஞ்சிட்டன், பொறுத்துக்கங்க.

நான் மார்ட்டினின் கண்ணைப் பார்த்தேன், மாமாவின் கழுத்து நரம்பைப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக மனிதன் வாங்கிய ஒரு பொருளை முழுசாகத் திருப்பிக் கொடுக்கிறார். அதை ஏன் கெடுக்கவேண்டும்?

“ஹீ சே, வெரி ஹேப்பி. பைசிக்கிள் நம்பர் வன்,” என்றேன்.

மார்ட்டின் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மாமா கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“நான் கதைச்சது இவ்வளவு,” என்று இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். “நீ சொன்னது இவ்வளவு. புறோக்கன் எண்ட சொல் அதுக்குள்ள வரல்லியே.”

“ஒங்களுக்கு இங்கிலீசு தெரியுமா மாமா?”

“வெள்ளைக்காரனுக்கு ஒண்ணரை வரிசம் கேற் தொறந்திரிக்கன். ஒடஞ்சதுக்கு என்ன சொல்றதெண்டு தெரியாம இரிக்குமா?” கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து சைக்கிள் சீட்டின் தண்டை விரலால் தொட்டார். “அண்டைக்கி ஏறாவூரால வந்து சாரன அவுக்கக்குள்ள இது கீழ எறங்கிக் கெடந்திச்சி மனெ. அவர்ட சீட்டு என்ட நெஞ்சு மட்டத்துக்கு நிக்கும். அண்டு நிண்டது ஒண்ட இடுப்பு மட்டத்துக்கு. செயினுக்குள்ள கடல் மண். நான்தான் கழுவி, சீட்ட ஒசத்தி வெச்சன்.”

மூன்று வருடம். அம்பாறை, வரிப்பத்தான்சேனை, கோமாரி. எல்லா பஸ்ஸிலும் யன்னல் பக்கத்து சீட்டை எனக்குத்தான் தந்திருந்தார்.

“என்ட காவல்ல ஒடஞ்சா நான்தான் பதில். அதுக்குத்தான் அலைஞ்சன்,” என்றார் மாமா. “நண்டுக்கு நான் காவல். ஒண்ட பொய்யுக்கு நான் காவல் இல்ல.”

மார்ட்டின் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா என் தோளைப் பிடித்து அவர் பக்கம் திருப்பினார்.

“இப்ப சொல்லு. என்ட பங்க முதல்ல சொல்லு, மறுகா ஒண்ட பங்கச் சொல்லு. சுருக்காம சொல்லு.”